ஜெயக்கொடி சொன்ன பொய்

கீழக்குயில்குடியில் ஜெயக்கொடி இட்லி மாவு விற்கிறாள். நாகமலைப் புதுக்கோட்டையில் வாடகைக்குக் குடியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் வாத்தியார் வீடுகளும் அவளுடைய வாடிக்கை. கிரைண்டர் ஓட்டுவதும் பாக்கெட் கட்டுவதும் அவள் வேலை. அரிசி மூட்டையைத் தூக்குவதும், பாக்கெட்டுகளை டிவிஎஸ்ஸில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும் தம்பி பேச்சிமுத்துவின் வேலை. பாரம் தூக்கினால் அவளுக்கு மூச்சு வாங்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்து வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டது.

அந்தச் சுருக்கத்தால்தான் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்தது. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில், மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்குச் செய்முறைப் பரீட்சை நடக்கும். வார்டில் நோயாளிகளைப் படுக்க வைத்திருப்பார்கள். பரீட்சை எழுதும் டாக்டர் சீட்டெடுத்து, தனக்கு விழுந்த கட்டிலுக்குப் போக வேண்டும். நோயாளியிடம் கதை கேட்டு, நெஞ்சையும் வயிற்றையும் சோதித்து, என்ன நோய் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு தேர்வாளர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஜெயக்கொடியின் நெஞ்சில் சத்தம் தெளிவாகக் கேட்கும். அவளும் தன் கதையைக் கோவையாகச் சொல்வாள். அதனால் பரீட்சை வந்தால் அவளுக்கு போன் வந்துவிடும்.

கூப்பிடுகிறவர் டாக்டர் சுஃபியா. கோரிப்பாளையத்துக்காரர், அந்தக் கல்லூரியில் பேராசிரியர். ஜெயக்கொடிக்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்த முதல் ஆள் அவர்தான். பரீட்சை முடிந்ததும் அவளைத் தன் அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். மாவு வியாபாரம் எப்படிப் போகிறது, பேச்சிமுத்துவுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்றெல்லாம் விசாரிப்பார். ஜெயக்கொடி வீட்டுக்கு வெளியே சிரித்துப் பேசிய இடம் அந்த அறை ஒன்றுதான்.

அதற்கு முந்தைய வைத்தியத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. சுஃபியாவிடமும் சொன்னதில்லை.

அவளைக் கட்டிக்கொடுத்தது அழகர்கோவில் ரோட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். புருசன் பெயர் தவசி. கிணற்றுப் பாசனம், கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்துதான் வயிற்றில் பிள்ளை தங்கியது. ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. நடவு நேரம் என்பதால் தவசியால் வர முடியவில்லை. அவள் தனியாகப் பஸ் ஏறிப் பக்கத்து டவுன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே அன்றைக்கு உட்கார்ந்திருந்தவன் பயிற்சி டாக்டர். படிப்பை முடித்துவிட்டு, பட்டம் கைக்கு வருமுன் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார்களே, அந்த மாதிரி. பெயர் அழகுராஜா. அவள் சின்ன வயதுக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். இதயத்தில் ஏதோ கோளாறு என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வயிறு பெரிசானால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்றான். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டதற்கு, நடவு கிடக்கிறது, அதனால் தனியாக வந்தேன் என்றாள். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை அவன் எடுக்கவே இல்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அந்த வாரமே அவளுக்கு வாயில் நுரை தள்ளியது. அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

அதை அவள் ஒருவேளை விதி என்று விட்டிருப்பாள். விட முடியாமல் போனது மறுநாள் நடந்ததால். பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து, இந்தப் பெண் முன்பே வந்திருக்கிறாளே, ஏன் அட்மிஷன் போடவில்லை என்று அழகுராஜாவைக் கேட்டார். தவசியும் அவன் தாயும் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார்கள்.

“அட்மிஷன் சொன்னேன் மேடம். அவங்கதான் நடவு கெடக்குன்னு போயிட்டாங்க.”

ஜெயக்கொடி கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் கட்டியிருந்தது. கையை ஆட்டினாள். நர்ஸ் வந்து, அசையக் கூடாது என்று கையைப் பிடித்து அமுக்கினாள்.

பிறகு வாய் திறக்க முடிந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. டாக்டர் எதற்குப் பொய் சொல்கிறார் என்றான் தவசி. நடவு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றாள் மாமியார். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் சத்தியம் பண்ணுகிறேன், வாருங்கள் என்று ஜெயக்கொடி கூப்பிட்டாள். பிள்ளையைத் தின்றவளுக்குச் சத்தியம் ஒரு கேடா என்று மாமியார் தெருவில் நின்று கத்தினாள். அந்தச் சொல் ஊரில் நின்றுவிட்டது. குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டதும் கைப்பிள்ளைகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார்கள். தவசி அவளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட சேதிதான் பிறகு வந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒருநாள் மாத்திரை வாங்கப் போனபோது, சுஃபியாவின் வார்டில் அழகுராஜாவைப் பார்த்தாள். ஆள் தடித்திருந்தான், தாடி வைத்திருந்தான். பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை ‘ம், அப்புறம்’ என்று இழுப்பது மட்டும் மாறவில்லை. அந்த இழுப்பில்தான் அடையாளம் கண்டாள். எம்.டி. படிக்க வந்திருக்கிறார் என்று வார்டு அக்கா சொன்னாள். அவன் அவளைக் கடந்து போனான், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளை யார் பார்க்கிறார்கள்?

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. மாவு பொங்கி வழிந்தால்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து விவரம் தெரிந்ததும், நாலு பேரோடு போய் அவனை ரோட்டில் மறிக்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். அடித்தால் அடி ஆறிவிடும், நீ ஜெயிலுக்குப் போவாய் என்றாள். அவன் பரீட்சை எப்போது என்று மட்டும் வார்டு அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தைய வருடம்தான் அவளுக்குத் தொடை நரம்பு வழியாக பலூன் விட்டுச் சுருங்கிய வால்வை விரித்திருந்தார்கள். நெஞ்சில் தழும்பு கிடையாது. வால்வு விரிந்தது, ஆனால் ஓரம் கொஞ்சம் கிழிந்து, இப்போது ரத்தம் பின்னுக்குக் கசிகிறது. சுருக்கத்தின் சத்தம் வேறு, கசிவின் சத்தம் வேறு. இந்தத் தடவை பிள்ளைகள் திணறப்போகிறார்கள், எல்லாரும் உங்களைப் பழைய நோய் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள் என்று சுஃபியா சிரித்துக்கொண்டே சொன்னார். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு முந்தின வருடத்துக்காரர்கள் சொல்லி வைப்பது வழக்கம்: கீழக்குயில்குடி அம்மா என்றால் வால்வு சுருக்கம்.

ஜெயக்கொடி அந்த வாரம் அழகர்கோவிலுக்குப் போனாள். மலைக்கு ஏறவில்லை. கருப்பன் கதவுக்கு எதிரே, சந்தனம் பூசிய அந்தக் கதவுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோய் தீர வேண்டும் என்று கேட்கவில்லை. சீட்டெடுக்கும்போது என் கட்டில் அவனுக்கு விழ வேண்டும் என்று கேட்டாள்.

விழுந்தது.

அழகுராஜா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் பயமும், சுலபமான கட்டில் விழுந்த சந்தோசமும் சேர்ந்து தெரிந்தன. பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான். கீழக்குயில்குடி என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உங்களுக்கு வால்வு சுருக்கம்தானம்மா? சீனியருங்க சொன்னாங்க.”

“ஆமா சார். சுருக்கந்தான்.”

“ஆபரேசன், பலூன் ஏதாச்சும் செஞ்சாங்களா?”

“ஒண்ணும் இல்ல சார். மாத்திரதான்.”

கர்ப்பம் தரித்ததுண்டா என்று கேட்டான். ஒன்று, தங்கவில்லை என்றாள். எந்த மாதம் என்று கேட்டான். ஏழாம் மாதம் என்றாள். அவன் குனிந்து எழுதினான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஏதாவது ஒரு அசைவு, ஒரு நிறுத்தம் வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. அவன் ‘ம், அப்புறம்’ என்றான்.

எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தான். நெஞ்சில் வைத்தான், கண்ணை மூடினான், தலையை ஆட்டிக்கொண்டான். அக்குள் பக்கம் நகர்த்திக் கேட்கவில்லை. கசிவு வந்த பிறகு வேறு டாக்டர்கள் அங்கேதான் வெகுநேரம் வைத்துக் கேட்பார்கள்.

தேர்வாளர்கள் வந்தார்கள். சுஃபியா ஒருவர். வெளியூரிலிருந்து வந்த வயதான பேராசிரியர் இன்னொருவர், குரலை உயர்த்தாத மனிதர். அழகுராஜா கடகடவென்று ஒப்பித்தான். சுருக்கம் என்றான். சுருக்கத்தில் வரும் உறுமல் சத்தம் கேட்டது என்றான். பெரியவர் தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, மறுபடி ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அழகுராஜா மறுபடி வைத்தான்.

“அதே சத்தம்தான் சார். கேக்குது.”

சுஃபியா தரையைப் பார்த்தார். பெரியவர் ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, பலூன் வச்சு வால்வ விரிச்சாங்களா உங்களுக்கு?”

“ஆமாய்யா. போன வருசம்.”

“இவர்கிட்டச் சொன்னீங்களா?”

வார்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அழகுராஜா அவளைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

“சொன்னேன்யா. அவருதான் காதுல வாங்கல.”

“இல்ல சார். இல்லவே இல்லைனு சொன்னாங்க சார். பொய் சொல்றாங்க.” தான் எழுதியிருந்த தாளைத் தூக்கிக் காட்டினான்.

“பேஷண்ட் மேல பழியப் போடாதீங்க தம்பி” என்றார் பெரியவர். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அழகுராஜா கையில் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். அவனுடைய கழுத்தில் வியர்வை இறங்குவதை ஜெயக்கொடி பார்த்தாள். தனக்கு மாஸ்க் கட்டியிருந்த நாளில் இவனுக்கு இப்படி வியர்த்திருக்குமா என்று நினைத்தாள். அவளுக்கு வெகுகாலத்துக்குப் பிறகு பசித்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு பரோட்டா வாங்கித் தின்றாள்.

சாயங்காலம் சுஃபியா அவளை அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நிஜமாகவே சொன்னீங்களா என்று கேட்டார். சுஃபியாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இல்லை என்றாள். ஏன் என்றதற்கு முழுக் கதையையும் சொன்னாள். நுரை தள்ளியதைச் சொன்னபோது சுஃபியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கடைசியில் சுஃபியா, அவன் தேறாமல் போனது உங்கள் பொய்யால் இல்லை என்றார். யார் என்ன சொன்னாலும் நெஞ்சில் என்ன கேட்கிறது என்று சொல்வதுதான் பரீட்சை. கேட்காத சத்தத்தைக் கேட்டதாக இரண்டு தடவை சொன்னான், அங்கேயே முடிந்துவிட்டது என்றார்.

இது ஜெயக்கொடிக்குப் பிடிக்கவில்லை.

“இல்ல டாக்டரம்மா. நாந்தான் கவுத்தேன். அத எங்கிட்ட இருந்து பறிக்காதீங்க.”

சுஃபியா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது என்றார். ஆனால் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் நோயாளியின் வார்த்தையை நம்பித்தான் உட்காருகிறார்கள், இனிமேல் உங்களைக் கூப்பிட என்னால் முடியாது என்றார். வைத்தியத்துக்கு எப்போதும்போல வரலாம் என்றும் சொன்னார்.

பரீட்சை முடிவு வந்த மறுவாரம் அழகுராஜா கீழக்குயில்குடிக்குத் தேடிக்கொண்டு வந்தான். காரை ரோட்டில் விட்டுவிட்டுத் தெருவுக்குள் நடந்து வந்தான். பேச்சிமுத்து எழுந்தான். ஜெயக்கொடி தம்பியை உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று அவன் கேட்டான். கோபமாக வரவில்லை. தூங்காத முகம். என்னைத் தெரியவில்லையா என்று அவள் கேட்டாள். பரீட்சையில் பார்த்ததுதான் என்றான். அவள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள், நடவைச் சொன்னாள், மாஸ்க்கைச் சொன்னாள். அவன் புருவத்தைச் சுருக்கி யோசித்தான். நடுவில் எங்கோ ஓரிடத்தில் அவன் முகம் மாறியது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எக்ஸ்டென்ஷன் போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்மா. பயிற்சிய ரெண்டு மாசம் நீட்டிருவாங்க. அதான் வாயில வந்ததச் சொல்லிட்டேன்.”

“ரெண்டு மாசம்” என்றாள் ஜெயக்கொடி.

அவன் மன்னிப்புக் கேட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் இந்தக் கும்பிடைத்தான் கற்பனை செய்திருந்தாள். வந்தபோது அது எங்கும் ஒட்டவில்லை. இவன் கும்பிட வேண்டிய இடம் இது இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

“இந்தக் கும்பிடு எனக்கு வேணாம். எம் புருசன் வீட்டுக்கு வாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சோ அத அவங்க முன்னாடி சொல்லுங்க.”

அவன் தயங்கினான். வருடங்கள் ஓடிவிட்டன, இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஊர்க்காரர்கள் அடித்தால் என்ன செய்வது என்றான்.

“அடுத்த பரிட்சைக்கும் நான் வருவேன் சார். உங்க கூடப் படிக்கிறவங்க கட்டிலுக்கு வந்தாலும் உங்களப் பத்திச் சொல்லுவேன். சீட்டு எனக்கு விழுகும். போன தடவ விழுந்துச்சில்ல?”

அவன் படியிலிருந்து எழுந்தான். காரில் ஏறுங்கள் என்றான்.

தவசியின் வீடு இப்போது மாடி வைத்திருந்தது. தவசி வாழைக்கட்டுகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கூடவே நாலைந்து கூலியாட்கள். அவன் மனைவி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடியைக் கண்டதும் கையை நிறுத்தினாள். உள்ளே போய்ப் பேசலாம் என்றான் அழகுராஜா. இல்லை, இங்கேயே என்றாள் ஜெயக்கொடி. அவர்கள் அவளை ஏசியது தெருவில்தான்.

அவன் சொன்னான். முதலில் இங்கிலீஷ் கலந்து சுற்றி வளைத்தான். புரியும்படி சொல்லுங்கள் என்றாள் அவள். அவன் மறுபடி தொடங்கினான். நான்தான் அன்றைக்கு இருந்த டாக்டர். இவரை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லவே இல்லை. சோதித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன். மேடம் கேட்டதும் பயந்துபோய் இவர் மேல் பழியைப் போட்டேன். கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள்.

தவசி வாழைச்சாறு பிசுபிசுத்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் அழகுராஜாவை அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் ஜெயக்கொடியைத்தான் பார்த்தான்.

“நீ அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல” என்றான்.

“சொன்னேன். கருப்பன் வாசலுக்கு வான்னேன். நீ வரல. வராதது அவரு குத்தம் இல்ல, உங் குத்தம்.”

மாமியார் எதையோ முனகினாள். போனது போகட்டும், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல் என்று மகனிடம் சொன்னாள். தவசியின் மனைவி செம்பு எடுக்க எழுந்தாள். அந்தப் பெண்ணிடம் ஜெயக்கொடிக்குக் கோபமில்லை. நீ இரு தாயி, உன்னிடம் ஒன்றுமில்லை என்றாள். மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளையத் தின்னவளுன்னு சொன்னீகளே, அத இனிமே என்னன்னு மாத்திச் சொல்லப் போறீக?”

கிழவி மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். ஜெயக்கொடி காத்திருந்தாள். கூலியாட்களும் காத்திருந்தார்கள். பதில் வராது என்று உறுதியான பிறகுதான் அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.

அழகுராஜா அவளைத் திரும்பக் காரில் அழைத்து வந்தான். ஊர் முகப்பில் அவள் இறங்கியபோது, அடுத்த பரீட்சைக்கு நீங்கள் வராமல் இருப்பீர்கள்தானே என்று கெஞ்சும் குரலில் கேட்டான்.

“எப்படி வருவேன்? டாக்டரம்மா இனிமே கூப்பிட மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்களே.”

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு நடந்தாள்.

அவன் அடுத்த தடவை வேறொரு நோயாளியைப் பார்த்துத் தேறிவிட்டதாக வார்டு அக்கா சொன்னாள். ஜெயக்கொடிக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோசமும் இல்லை. தவசியின் கிராமத்திலிருந்து ஒருமுறை ஆள் வந்தது, தவசியின் தாய் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. முடியாது என்று சொல்லி அனுப்பினாள். நடந்ததில் எதையும் அவள் மாற்றி யோசிப்பதில்லை. மாதாமாதம் மாத்திரைக்குப் போகிறாள். சுஃபியா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார், மாத்திரை எழுதுகிறார், உப்பைக் குறைக்கச் சொல்கிறார். பேச்சிமுத்துவுக்குப் பெண் அமைந்துவிட்டது. அதைச் சொல்வதற்காக அவள் ஒருநாள் மாத்திரைச் சீட்டை வாங்கிய பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுஃபியா அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.